கைமாறிய பைலட் வாட்ச்: உப்புக் காற்றடிக்கும் ஊரில் வாங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

கைமாறிய பைலட் குரோனோகிராப் (ஸ்டாப்வாட்ச்சும் சேர்ந்த கடிகாரம்) ஒன்றை யாராவது உங்களிடம் நீட்டினால், டயலைப் பார்ப்பதற்கு முன் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு பொத்தான்களைப் பாருங்கள். டயல் அழகாகத்தான் இருக்கும். அதற்காகத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, வாலிநோக்கம் என்று நீளும் நம் இராமநாதபுரம் கடற்கரையில் ஒரு கடிகாரத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது அந்தப் பொத்தான்களின் கழுத்துக்குள் இருக்கும் சின்ன ரப்பர் வளையம். சாதாரணக் கைக்கடிகாரத்தில் தண்ணீர் உள்ளே போக மூன்று வழிகள்: கண்ணாடியின் விளிம்பு, பின்மூடி, சாவி கொடுக்கும் குமிழ். குரோனோகிராப்பில் இரண்டு பொத்தான்களும் சேர்ந்து ஐந்து வழிகள். உப்புக் காற்று படாத மதுரைக்காரரோ கோவைக்காரரோ எழுதிய அறிவுரையை இங்கே அப்படியே கடைப்பிடிக்க முடியாததற்கு இதுதான் காரணம்.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள்

குரோனோகிராப் என்றால் நேரம் காட்டும் கடிகாரமும் ஸ்டாப்வாட்ச்சும் ஒரே கூட்டுக்குள் இருப்பது. நடுவில் இருக்கும் நீண்ட மெல்லிய முள் ஸ்டாப்வாட்ச்சுக்கு உரியது. பொத்தானை அழுத்தும்வரை அது பன்னிரண்டில் அசையாமல் நிற்கும். வழக்கமாக ஓடும் விநாடி முள் ஒரு சிறு வட்டத்துக்குள் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் நடு முள் நிற்பதைக் கண்டு கடிகாரம் ஓடவில்லை என்று நினைத்துவிடுவார்கள்.

விமானிகளுக்கென்று செய்யப்பட்டவற்றில் சில பொது அடையாளங்கள் உண்டு. கறுப்பு டயல், பெரிய வெள்ளை எண்கள், கையுறையோடு திருக வசதியாகப் பருத்த குமிழ், பன்னிரண்டாம் இடத்தில் இரு புள்ளிகளுக்கு நடுவே ஒரு முக்கோணம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானப் படையில் வழி கணிக்கும் நேவிகேட்டர்கள் கட்டியவை 55 மில்லிமீட்டர் அகலம். சட்டைக் கைக்குள் போகவே போகாது, மேலங்கிக்கு வெளியே கட்டினார்கள். 1950களில் பிரெஞ்சுப் படைக்காகச் செய்த டைப் 20 வகையில் ஒரு தனி வசதி இருந்தது: ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழ்ப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் முள் பூஜ்யத்துக்குத் திரும்பி அந்த நொடியே மறுபடி ஓடத் தொடங்கும். இதை ஃப்ளைபேக் என்பார்கள். 1952இல் வந்த பிரைட்லிங் நேவிடைமரில் டயலைச் சுற்றிக் கணக்குப் போடும் சறுக்கு அளவுகோலே இருந்தது.

இன்று சந்தையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை அந்தக் காலத்துப் பொருள்கள் அல்ல, அந்தக் காலத் தோற்றத்தில் அண்மையில் செய்யப்பட்டவை. லாஞ்சின்ஸ் நிறுவனத்தின் பிக்ஐ 2017இல் வந்தது. ஹாமில்டன் காக்கி பைலட் பயனியர் குரோனோகிராப், 1970களில் பிரிட்டிஷ் விமானப் படைக்குக் கொடுத்த கடிகாரத்தின் மறுவடிவம். சீகல் 1963 என்ற பெயரில் விற்பது, சீன விமானப் படைக்காகத் தியான்ஜின் தொழிற்சாலை 1960களில் உருவாக்கியதன் மறுபதிப்பு. அதன் மெஷின் வீனஸ் 175 என்ற சுவிஸ் மெஷினின் வழிவந்தது. இவற்றில் எண்களின் பூச்சு இளமஞ்சளாக இருப்பதைக் காட்டி "அறுபது வருஷத்துப் பழசு" என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மஞ்சள் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே கலந்த நிறம். செல்போன் விளக்கை அரை நிமிடம் டயல்மேல் காட்டிவிட்டு இருட்டில் பாருங்கள். பளிச்சென்று ஒளிர்ந்து மெல்ல மங்கினால் அது 1990களுக்குப் பிறகு பரவிய பூச்சு. உண்மையான பழைய ரேடியம், டிரிடியம் பூச்சுகள் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒளியிழந்திருக்கும். ரேடியம் டயல் கிடைத்துவிட்டால் மகிழ்ச்சியில் பின்மூடியைத் திறக்க வேண்டாம். ஒளி போனாலும் கதிர்வீச்சு போகாது, அந்தத் தூசி மூச்சில் போகக் கூடாதது.

நம் ஊரில் "பைலட் வாட்ச் இருக்கிறதா?" என்று கேட்டால் எச்.எம்.டி. பைலட்டை எடுத்து வைப்பார்கள். சாவி கொடுக்கும் அருமையான கடிகாரம், உராய்வைக் குறைக்க உள்ளே பதினேழு கல் வைத்தது. ஆனால் அது குரோனோகிராப் அல்ல. அதோடு, எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு 2016இல் முடிவெடுத்த பிறகு விலை ஏறியதால், மும்பையில் டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து வரும் உருப்படிகள் ஏராளம். ஆரஞ்சிலும் பச்சையிலும் எச்.எம்.டி. பைலட் பார்த்தால் உடனே நம்பிவிடாதீர்கள்.

மெஷின் எது என்று கேளுங்கள்

விற்பவர் பெயரைச் சொல்வார். நீங்கள் மெஷினைக் கேளுங்கள். பராமரிப்புச் செலவு முழுக்க அதில்தான் இருக்கிறது.

பேட்டரியில் ஓடுவது குவார்ட்ஸ். கடற்கரைக்கு இதைவிட நிம்மதியான தேர்வு கிடையாது; வாட்ச் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். சீக்கோவும் சிட்டிசனும் விமானிப் பாணியில் நிறையச் செய்திருக்கிறார்கள். பேட்டரி மாற்றியபின் இவற்றின் ஸ்டாப்வாட்ச் முள் பூஜ்யத்தில் நிற்காமல் இரண்டு மூன்று கோடு தள்ளி நிற்கும். விற்பவர் அதைப் பெரிய பழுது என்று நினைத்து விலையைக் குறைப்பார். பெரும்பாலான குவார்ட்ஸ் குரோனோகிராப்களில் குமிழை இழுத்துவைத்துப் பொத்தானை அழுத்தியே முள்ளைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். பேரம் பேசுகிறவருக்கு இது நல்ல வாய்ப்பு.

நடுவகை ஒன்று உண்டு. நேரம் பேட்டரியில் ஓடும், ஸ்டாப்வாட்ச் மட்டும் எந்திரத்தைப் போல முள்ளைச் சட்டென்று பூஜ்யத்துக்கு இழுக்கும். சீக்கோவின் வி.கே.64 இந்த வகை. குறைந்த விலையில் வரும் பழைய பாணி பைலட் வாட்ச்கள் பலவற்றில் இதுதான் இருக்கிறது. இதன் ஒரு சிறு வட்டம் 60 நிமிடம் எண்ணும். இன்னொன்று 24 மணி நேரத்தைக் காட்டும், ஸ்டாப்வாட்ச்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அது பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை என்று பயப்பட வேண்டாம்.

சாவி கொடுக்கும் வகையில் சீகலின் எஸ்.டி.19 மலிவானது, பின்பக்கக் கண்ணாடி வழியே பார்க்க அழகானது. ஆனால் தண்ணீரைத் தாங்கும் திறன் மிகக் குறைவு. இராமேஸ்வரத்தில் கடற்கரைத் தெருவில் வசிப்பவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கையசைவில் தானே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக்குகளில் நீங்கள் அதிகம் சந்திக்கப்போவது வால்ஜூ 7750. 1970களின் முற்பாதியில் வந்தது, இன்னும் ஓய்வு பெறவில்லை. சிறு வட்டங்கள் பன்னிரண்டு, ஒன்பது, ஆறு ஆகிய இடங்களில் இருந்தால் அநேகமாக இதுதான், அல்லது இதன் நகல்தான். இதன் எடைத் தகடு ஒரு பக்கம் சுழலும்போதுதான் சாவி ஏறும்; மறுபக்கம் சுழலும்போது தடையில்லாமல் விர்ரென்று ஓடும். மணிக்கட்டில் அந்த நடுக்கம் தெரியும். அது பழுது அல்ல. உலகெங்கும் பழுது பார்ப்பவர்களுக்குப் பழகிய மெஷின் என்பது இதன் பெரிய பலம். மதுரையிலோ சென்னையிலோ இதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவரைத் தேடுவது, அபூர்வமான மெஷினுக்கு ஆள் தேடுவதைவிட எளிது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை: பெயருக்குச் சிறு வட்டங்களையும் பொத்தான்களையும் வைத்து, பொத்தானை அழுத்தினால் கிழமை மட்டும் மாறும் கடிகாரங்களும் உண்டு. சில மலிவான உருப்படிகளில் சிறு வட்டத்து முள் ஓவியம்தான்.

எங்கே தேடுவது, என்ன கேட்பது

இங்கே பழைய கடிகாரங்களுக்கென்று தனிச் சந்தை இல்லை. ஆனால் வளைகுடா இருக்கிறது. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் துபாயிலிருந்து விடுமுறைக்கு வருபவர் இல்லாத தெரு குறைவு. அவர்களில் சிலர் கட்டிக் களைத்த நல்ல கடிகாரத்தை நியாயமான விலைக்குத் தருவார்கள். "காக்கா (அண்ணா), வாங்கிய பில் இருக்கிறதா?" என்று தயங்காமல் கேளுங்கள், உறவுக்காரர் என்பதால் கேட்காமல் விடுவதில்தான் மனக்கசப்பு தொடங்கும். அங்கிருந்து வாங்கி வரச் சொல்வதானால் சுங்க விதிகளை அவரே பார்த்துக்கொள்ளட்டும், வரம்புக்கு மேற்பட்ட மதிப்பு என்றால் அறிவிக்கச் சொல்லுங்கள். உங்கள் ஆசைக்கு அவர் விமான நிலையத்தில் நின்று விளக்கம் சொல்லக் கூடாது.

தொலைவில் இருப்பவரிடம் வாங்குவதானால் படங்கள் கேளுங்கள். டயலுக்கு நேராக ஒன்று, குமிழும் பொத்தான்களும் இருக்கும் பக்கத்தை ஒட்டி எடுத்தது ஒன்று, பின்மூடி, அதன் எண்கள், முடிந்தால் மூடியைத் திறந்த மெஷின். எல்லாவற்றையும்விட ஒரு வீடியோ: அன்றைய தேதி தெரியும் செய்தித்தாள் பக்கத்தில் இருக்க, ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு, நிறுத்தி, பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது வெட்டில்லாமல் ஒரே காட்சியாக. இதற்கு நேரமில்லை என்பவரிடம் உங்கள் பணத்துக்கும் வேலையில்லை.

எப்போது சர்வீஸ் செய்தது என்று கேட்டால் "நன்றாக ஓடுகிறது" என்று பதில் வரும். அது பதில் அல்ல. யார் செய்தது, ரசீது இருக்கிறதா, எண்ணெய் மாற்றினார்களா, ரப்பர் வளையங்கள் மாற்றினார்களா என்று கேளுங்கள். ஐந்தாறு ஆண்டுகளாகத் திறக்கவே இல்லையென்றால், சர்வீஸ் செலவை உங்கள் தலையில் ஏற்றி விற்கிறார் என்று பொருள்.

கையில் வாங்கிச் சோதிக்கும்போது

இதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். தேநீர்க் கடையில் நின்றுகொண்டே முடிக்கும் வேலை அல்ல. முடிந்தால் உங்களுக்குத் தெரிந்த வாட்ச் கடையிலேயே சந்திக்கலாம்; அவரிடம் கண்ணில் செருகிப் பார்க்கும் பூதக்கண்ணாடி இருக்கும்.

எந்திரக் கடிகாரமானால் குமிழைச் சுமார் முப்பது சுற்றுத் திருகிச் சாவி ஏற்றுங்கள். மணலில் அரைப்பது போன்ற உணர்வு இருக்கக் கூடாது. குமிழை இழுத்து நேரம் மாற்றிப் பாருங்கள். முள்கள் நழுவாமல் நகர வேண்டும். தேதி உள்ளதானால், இரவு ஒன்பதிலிருந்து அதிகாலை மூன்று வரை காட்டும் நிலையில் தேதியை வேகமாக மாற்றக் கூடாது, பற்கள் உடையும். முள்களை ஆறு மணிக்குக் கொண்டுவந்துவிட்டு மாற்றுங்கள்.

இப்போது மேல் பொத்தான். நல்ல நிலையில் இருப்பது ஒரு சிறு தடை காட்டி, பிறகு "டிக்" என்று இறங்கும். பஞ்சை அழுத்துவது போலக் குழைந்தால் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். கல்லை அழுத்துவது போல மறுத்தால் பொத்தானின் குழாயில் உப்பு ஏறியிருக்கும். அழுத்தியதும் மெல்லிய முள் புறப்பட வேண்டும். புறப்படும்போது ஒரு கோடு அளவுக்குத் துள்ளுவது பல மெஷின்களில் இயல்பு. ஓடும்போது விட்டுவிட்டு நடுங்கினால் இயல்பு அல்ல. அறுபது விநாடி முடியும்போது நிமிட வட்டத்தின் முள் ஒரு கோடு நகர்கிறதா பாருங்கள். நிறுத்துங்கள். கீழ்ப் பொத்தானை அழுத்துங்கள். மெல்லிய முள் பன்னிரண்டின் கோட்டின் மேல் சரியாக வந்து நிற்க வேண்டும்.

இதைப் பத்துத் தடவையாவது செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு தள்ளி நின்றால், முள்ளை எடுத்துச் சரியாகப் பொருத்தினால் போதும், சின்ன வேலை. ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை வலப்பக்கம் என்று இடம் மாறி மாறி நின்றால் முள் தன் தண்டில் வழுக்குகிறது, அல்லது பூஜ்யத்துக்கு அடிக்கும் நெம்புகோல் தேய்ந்திருக்கிறது. அதற்கு மெஷினைப் பிரிக்க வேண்டும். பேசிய விலையை மறுபடி பேச வேண்டிய இடம் இது.

ஃப்ளைபேக் வசதி இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் தவிர, ஸ்டாப்வாட்ச் ஓடும்போது கீழ்ப் பொத்தானைத் தொடாதீர்கள். விற்பவர் அப்படி அழுத்திக் காட்டி "பாருங்கள், ஒன்றும் ஆகவில்லை" என்றால், இதற்கு முன் எத்தனை தடவை அழுத்தினாரோ என்று யோசியுங்கள்.

பிறகு ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு, கடிகாரத்தை மேசையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருங்கள். அரை மணி நேரம் ஆகட்டும். 30 நிமிடம் எண்ணும் வட்டமானால் அது முழுச் சுற்று வர வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் முக்கியமானது: ஸ்டாப்வாட்ச் ஓடும்போது மெஷினுக்குச் சுமை கூடும். எண்ணெய் வறண்ட கடிகாரம் வெறுமனே நன்றாக ஓடும், ஸ்டாப்வாட்ச்சைத் தட்டிவிட்டதும் சோர்ந்து நின்றுவிடும். விற்பவர்கள் பெரும்பாலும் ஸ்டாப்வாட்ச்சைப் பத்து விநாடி ஓட்டிக் காட்டிவிட்டு நிறுத்துவது சும்மா இல்லை.

வாட்ச் கடையில் மெஷினின் துடிப்பை அளக்கும் டைம்கிராபர் கருவி இருந்தால் அதில் வைக்கச் சொல்லுங்கள். சாவி நிறைந்த நிலையில், டயல் மேல்நோக்கி இருக்க, உள்ளே ஆடும் சமநிலைச் சக்கரத்தின் வீச்சுக் கோணம் 270 பாகைக்கு மேல் இருந்தால் ஆரோக்கியம். 220க்குக் கீழே போனால் சர்வீஸ் தேவை. நாளுக்குப் பல நிமிடம் வேகமாக ஓடினால் உடனே மெஷினைக் குறை சொல்லாதீர்கள்; காந்தம் ஏறியிருக்கலாம். செல்போனின் திசைகாட்டியை அருகில் கொண்டுபோனால் ஊசி ஆடும். ஒலிபெருக்கியின் பக்கத்தில் கழற்றி வைக்கும் பழக்கம் உள்ளவர்களின் கடிகாரத்தில் இது சாதாரணம். காந்தம் நீக்கும் கருவியில் ஒரு நிமிட வேலை.

உப்பைத் தேடுவது

இங்கே பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொள்ளுங்கள். பொத்தானின் கழுத்து கூட்டுக்குள் நுழையும் இடத்தில், வெளிச்சத்தைச் சாய்வாக விழவிட்டுப் பாருங்கள். கைரேகையும் வியர்வை அழுக்கும் சாம்பல் நிறத்தில் மெத்தென்று படிந்திருக்கும். பல்குச்சியால் எடுத்தால் வந்துவிடும். உப்பு வெள்ளையாக, நொறுநொறுவென்று வளையமாகக் கட்டியிருக்கும். வெள்ளைக்குப் பக்கத்தில் தேயிலைச் சாயம் போல ஒரு பழுப்புக் கோடு தெரிந்தால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது. வெளிக்கூடு 316எல் எஃகாக இருக்கலாம், அது எளிதில் துருப்பிடிக்காது. ஆனால் பொத்தானின் ஸ்பிரிங், குமிழின் தண்டு, மெஷினின் திருகுகள் ஆகியவை வேறு எஃகு. கூடு மினுங்குவதைக் கண்டு உள்ளே சுகம் என்று எண்ணக் கூடாது.

பின்மூடியைத் திறக்க அனுமதி கிடைத்தால் மூடியின் மரையைப் பாருங்கள். அங்கே பழுப்புப் பொடி இருந்தால் ரப்பர் வளையம் செத்துப் பல காலம் ஆகிறது. வளையமே தட்டையாகி, பிசின் போலக் கையில் ஒட்டும். டயலின் விளிம்பில், எண்களுக்கும் கூட்டுக்கும் நடுவே, சிறு புள்ளிகளாகப் பெயின்ட் கொப்பளித்திருந்தால் ஒருகாலத்தில் ஈரம் உள்ளே இருந்திருக்கிறது. இதைப் பழைமையின் அழகு என்று விற்பவர் வருணிப்பார். கடலோரத்தில் அதற்குப் பெயர் அழகு அல்ல.

திறக்க அனுமதி இல்லையென்றால் வாட்ச்காரர்கள் செய்யும் ஒரு சோதனை உண்டு. கடிகாரத்தைச் சிறிது நேரம் உள்ளங்கையில் மூடி வைத்துச் சூடாக்குங்கள். பக்கத்து சர்பத் கடையில் ஒரு துண்டு ஐஸ் வாங்கி, குளிர்ந்த தண்ணீர் ஒரே ஒரு சொட்டு கண்ணாடியின் நடுவில் விடுங்கள். ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துவிட்டு உட்புறத்தைப் பாருங்கள். சொட்டு இருந்த இடத்தில் உள்ளே ஆவி பூத்து நின்றால் கூட்டுக்குள் ஈரம் இருக்கிறது. உடையவர் சம்மதத்துடன் செய்யுங்கள்; பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் முகமும் சில செய்திகளைச் சொல்லும்.

விலையும் பணமும்

வாங்கும் முன்பே, உங்கள் பகுதியில் அந்த மெஷினை யார் சர்வீஸ் செய்வார், எவ்வளவு கேட்பார் என்று விசாரித்து எழுதி வையுங்கள். குரோனோகிராப்பில் உறுப்புகள் அதிகம், அதனால் கூலி சாதாரண ஆட்டோமேட்டிக்கைவிட நன்றாகவே கூடும். சில நிறுவனங்கள் வெளியாருக்கு உதிரிபாகம் கொடுப்பதில்லை. அப்படியானால் அந்த நிறுவனத்தின் சேவை மையத்துக்கு அனுப்பும் செலவைக் கேட்க வேண்டும். சர்வீஸ் செய்த ரசீது இல்லாத கடிகாரத்தின் விலையிலிருந்து இந்தத் தொகையை முழுதாகக் கழித்துவிட்டுப் பேரத்தைத் தொடங்குங்கள். பெட்டியும் உத்தரவாத அட்டையும் இருந்தால் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம். பெட்டிக்காக நிறையக் கூட்டிக் கொடுப்பவர்களை நான் புரிந்துகொள்ள முயன்றதே இல்லை.

நேரில் என்றால் சோதனை முடிந்தபின் பணம். முன்பணம் கேட்டால் விட்டுவிடுங்கள். தபாலில் வருவதானால் காப்பீடு செய்த பார்சலாக அனுப்பச் சொல்லி, பிரிப்பதை முத்திரை தெரிய வீடியோ எடுங்கள். விற்பவர் கையெழுத்திட்ட ஒரு தாளில் கடிகாரத்தின் வரிசை எண், தொகை, தேதி. திருட்டுப் பொருள் என்று பின்னால் யாராவது வந்தால் உங்களைக் காப்பது அந்தத் தாள்.

கட்டத் தொடங்கிய பிறகு

வாங்கிய முதல் வாரத்திலேயே ரப்பர் வளையங்கள் எல்லாவற்றையும் மாற்றி, அழுத்தச் சோதனை செய்துவிடுங்கள். உள்நாட்டில் இருப்பவர் அடுத்த சர்வீஸ் வரை தள்ளிப்போடலாம், நீங்கள் தள்ளிப்போடக் கூடாது. அதன் பின் ஆண்டுக்கு ஒருமுறை, ஐப்பசி மழை தொடங்கும் முன், சோதனை மட்டும் செய்தால் போதும்.

பின்மூடியில் 30 மீட்டர் என்று எழுதியிருப்பதை முப்பது மீட்டர் ஆழம் என்று படிக்காதீர்கள். அது அசையாத தண்ணீரில் சோதனைக் கூடத்தில் பார்த்த அழுத்தம். நடைமுறையில் மழைத் தூறலும் கை கழுவும்போது தெறிக்கும் நீரும்தான். நேவிடைமர் போன்ற விலை உயர்ந்தவையே பல இந்தக் கணக்கில்தான் வருகின்றன. நீந்த வேண்டுமானால் 100 மீட்டர் எழுதியிருக்க வேண்டும், சோதனையும் தேறியிருக்க வேண்டும். எத்தனை மீட்டர் எழுதியிருந்தாலும் தண்ணீருக்குள் பொத்தானை அழுத்தக் கூடாது. இராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் மூழ்கி, இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொள்ளப் போகிறவர் கடிகாரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். பாவத்தோடு எண்ணெயும் போய்விடும்.

தோல் பட்டை இந்தக் காற்றில் தாங்காது. வியர்வையும் உப்பும் சேர்ந்து சில மாதங்களில் நாறத் தொடங்கும். விமானிப் பாணிக்குப் பொருந்தும் நைலான் பட்டைகள் கிடைக்கின்றன, துவைத்துக் கட்டலாம். மாலையில் வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கூட்டையும் பொத்தான்களின் கழுத்தையும் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். உலர்ந்த துணியால் மட்டும் துடைத்தால் உப்போடு ஒட்டிய மணல் துகள் கண்ணாடியைக் கீறலாம். இரவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

வாங்கிய பொருளைப் பயன்படுத்தவும் வேண்டும். டயலின் விளிம்பில் டெலிமீட்டர் அளவு இருந்தால், மின்னல் தெரிந்ததும் மேல் பொத்தானை அழுத்தி, இடி கேட்டதும் நிறுத்துங்கள். முள் காட்டும் எண் இடியின் தொலைவு. அந்த அளவு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது, மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். பாக் நீரிணையின் மேல் மேகம் கூடும் நாளில் இரண்டு மூன்று தடவை எடுத்துப் பார்த்தால் இடி கரையை நெருங்குகிறதா விலகுகிறதா என்று தெரிந்துவிடும். டேக்கிமீட்டர் அளவு இருந்தால் மதுரை–இராமேஸ்வரம் நெடுஞ்சாலையில் பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்வரை ஓடவிடுங்கள். 45 விநாடி ஆனால் முள் 80ஐக் காட்டும்: மணிக்கு 80 கிலோமீட்டர்.

நேவிடைமர் வகைச் சறுக்கு அளவுகோல் கண்ணுக்கு மிரட்டலாக இருக்கும், பழகினால் ஒன்றுமில்லை. வெளி வளையம் சுழலும், உள் வளையம் நிலையானது. படகின் எஞ்சின் 90 நிமிடத்தில் 12 லிட்டர் டீசல் குடித்தது என்றால், வெளி வளையத்தின் 12ஐ உள் வளையத்தின் 90க்கு நேராக வையுங்கள். உள் வளையத்தின் 60க்கு நேரே வெளியில் 80 என்று தெரியும். புள்ளியை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும்: மணிக்கு 8 லிட்டர். கடல் மைலைக் கிலோமீட்டராக்க உள் வளையத்தில் 33ஐ ஒட்டி ஒரு குறியும் 61ஐ ஒட்டி ஒரு குறியும் உண்டு. வெளியிலுள்ள 10ஐ முதல் குறிக்கு நேராக வைத்தால் இரண்டாவது குறிக்கு நேரே 18.5 வரும். மண்டபத்து விசைப்படகுக்காரர் ஜி.பி.எஸ். வைத்திருக்கிறார், அவருக்கு இது தேவையில்லை. ஆனாலும் ஒருமுறை செய்து காட்டிப் பாருங்கள், கடிகாரத்தைக் கையிலிருந்து வாங்கி அவரே திருகத் தொடங்குவார்.

கடல் நீர் உள்ளே போய்விட்டால், கண்ணாடிக்குள் ஆவி தெரிந்தால், அரிசிப் பானையில் புதைக்க வேண்டாம், வெயிலில் வைக்க வேண்டாம், ஹேர் டிரையர் பிடிக்க வேண்டாம். சூடு ஈரத்தை மெஷினின் ஆழத்துக்கு அனுப்பும், உப்பு அங்கேயே தங்கும். ஸ்டாப்வாட்ச்சைத் தொடாமல், அன்றைக்கே வாட்ச் கடைக்குக் கொண்டுபோய்ப் பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். குரோனோகிராப் தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னாலும் திறந்து, மெஷினை வெளியே எடுத்து, சுத்தம் செய்யும் திரவத்தில் கழுவி உலர்த்தித் தரச் சொல்லலாம். பிரித்துப் பூட்டும் வேலையை அடுத்த வாரம் மதுரையில் பார்த்துக்கொள்ளலாம். துரு அடுத்த வாரம்வரை காத்திருக்காது.